எறிகிற கையில் கட்டிய நூல்

என் வலது பக்கத்து முதல் விலா எலும்பு இப்போது என்னிடம் இல்லை. வெட்டி எடுத்ததை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஒருவரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. எலும்பு போனதில் எனக்குக் கவலை இல்லை. அது போவதற்கு முன் பதினொரு நாட்கள் நான் சொன்ன பொய்யைப் பற்றித்தான் எழுத வேண்டும். எறிந்து விளையாடுகிற பிள்ளை உள்ள வீட்டில் யாராவது இதை வாசித்தால், கை வீங்கியவுடன் என்ன செய்வது என்று தெரிந்துகொள்ளட்டும்.

எனக்கு இருபத்து மூன்று வயது. பன்னிரண்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்தேன். வீடு பிளேஸ்டோவில். நான் விளையாடுவது அமெரிக்கன் ஃபுட்போல். கலியாண வீடுகளில் இதைச் சொன்னால் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "கையால எறியிறதுக்கு ஏன் தம்பி ஃபுட்போல் எண்டு பேர்?" ஏழு வருடமாக இதற்குப் பதில் சொல்லிக் களைத்துவிட்டேன். பேர் வைத்தவனிடம் போய்க் கேளுங்கள்.

என் இடம் குவாட்டர்பாக். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் என் கைக்கு வரும். எதிரணித் தடியர்கள் நான்கைந்து பேர் என்னை விழுத்த ஓடி வருவார்கள். எனக்குக் கிடைப்பது மூன்று செக்கன். அதற்குள் எங்கள் ஆட்கள் ஐந்து பேரில் யாருக்கு எறிவது என்று பார்த்து, முடிவெடுத்து, எறிய வேண்டும். பிழையாக எறிந்தால் மைதானம் முழுவதும் என்னைத்தான் திட்டும்.

பதினாறு வயதில் பள்ளிக்கூடக் கிரிக்கெட்டில் எல்லைக் கோட்டிலிருந்து நான் எறிந்த பந்து நேரே விக்கெட் கீப்பரின் கைக்குப் போனதைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் லண்டன் ஃபுட்போல் அணியின் கோச் என்னைக் கூட்டிப்போனார். அவர் கிழக்கு லண்டன் ஆள், வெள்ளைக்காரர், பகலில் கூரை வேலை செய்பவர். முதல் நாளே சொன்னார்: "உனக்குக் கை இருக்கிறது. கண் இல்லை." உண்மைதான். யார் கையைத் தூக்கினாலும் அவனுக்கு முழுப் பலத்தோடு எறிவேன். மூன்று வருடம் மூன்றாவது ஆளாக ஓரத்தில் நின்றேன். பிறகுதான் எதிரணியின் கடைசிக் காவல்காரன் எந்தக் காலை முதலில் வைக்கிறான் என்று பார்க்கப் பழகினேன். கால் பழகியது, கண் பழகியது. இந்த வருடம் தை மாதம் ஐரோப்பாவில் சம்பளம் கொடுக்கிற ஒரு கழகம் இரண்டு வருடத்துக்கு என்னை எடுத்தது. பங்குனியில் பயிற்சி முகாமுக்குப் போக வேண்டும். எங்கள் லண்டன் அணியில் இருந்து அப்படிப் போகிற முதல் குவாட்டர்பாக் நான்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. புதிய காயம் எதுவானாலும் அன்றே கழகத்துக்குச் சொல்ல வேண்டும். அந்த வரியை நன்றாக வாசித்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

கையெழுத்துப் போட்ட வெள்ளிக்கிழமை அம்மா வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்து காப்பு நூல் வாங்கி வந்தா. ஆண்பிள்ளைக்கு வலது கையில்தான் கட்ட வேண்டும். வலது கைதான் நான் எறிகிற கை.

"இடக்கையில கட்டுங்கோ அம்மா. எறியேக்க இடைஞ்சல்."

"சாமிக்கு உன்ர விளையாட்டு முறை தெரியாது. நீட்டு கையை."

அம்மா ஈஸ்ட்ஹாமில் ஒரு தையல் கடையில் வேலை. எதைக் கட்டினாலும் அளந்துதான் கட்டுவா. தன் சுண்டுவிரலை நூலுக்கும் என் மணிக்கட்டுக்கும் நடுவில் வைத்து, ஒரு விரல் இடைவெளி விட்டு முடிச்சுப் போட்டா. ஐந்து வாரம் அந்த நூல் அப்படியே இருந்தது. குளித்தேன், எறிந்தேன், விழுந்தேன், அது ஒன்றும் செய்யவில்லை.

மாசி மாதம் ஒரு ஞாயிறு. குளிர். நூற்றைம்பது எறி எறிந்திருப்பேன். கடைசியில் கை ஈரச் சாக்கு மாதிரிக் கனத்தது. கோச்சிடம் சொன்னேன். "மாசி மாதத்தில் எல்லாக் குவாட்டர்பாக்குக்கும் கை செத்துத்தான் போகும்" என்றார். எனக்கு வேண்டியிருந்த பதிலும் அதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை நூல் தோலை அழுத்தி ஒரு கோடு போட்டிருந்தது.

"இறுக்கிக் கட்டிப்போட்டியள் அம்மா. வெட்டுங்கோ."

"நானோ? ஒரு விரல் விட்டுத்தானே கட்டினனான்."

"நனைஞ்சு சுருங்கியிருக்கும்."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தா. முடிச்சுக்குப் பக்கத்தில் வெட்டி, அர்ச்சனை செய்த மிச்ச நூலில் இன்னொன்று கட்டினா, அதே ஒரு விரல் இடைவெளியோடு. வெள்ளிக்கிழமை அதுவும் இறுகியது. மூன்றாவது கட்டினா. எறிகிற கை பெரிதாகிறது, தசை வைக்கிறது என்று சொன்னேன். ஐந்து நாளில் யாருக்கும் தசை வைக்காது. எனக்கும் அது தெரியும். ஒன்றரை மாதம் கழித்து முகாம். அதைத் தவிர மண்டையில் ஒன்றும் ஓடவில்லை.

திங்கட்கிழமை பயிற்சியில் பந்து கையிலிருந்து தானாக வழுக்கி விழுந்தது. விரல்கள் நீலமாக இருந்தன. தோளுக்கு மேல் முன்பு இல்லாத இரத்த நாளங்கள் புடைத்துக்கொண்டு வந்திருந்தன. நீளக்கை உடுப்பைப் போட்டு மறைத்தேன்.

அடுத்த நாள் யாருக்கும் சொல்லாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். ஐந்து மணி நேரம் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். பக்கத்தில் ஒரு கிழவன் தன் கால் விரலைப் பற்றி எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் வந்த இளம் டொக்டர் எப்போது தொடங்கியது என்று கேட்டார்.

"மூன்று மாதம் இருக்கும். பழைய தோள் பிடிப்பு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், பழைய பிடிப்பு கழகத்துக்குத் தெரியும். பழையது என்றால் புதிதாக அறிவிக்கத் தேவையில்லை. அவ்வளவுதான் என் புத்தி. அவர் தோளை இரண்டு இடத்தில் அமத்தினார். எறிகிற கை மற்றக் கையைவிடப் பெரிதாகத்தான் இருக்கும் என்றார். வலிக்குளிசை தந்து அனுப்பினார். அந்த ஆள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். உடுப்பைக் கழற்றச் சொல்லிப் பார்த்திருந்தால் நாளங்களைக் கண்டிருப்பார். ஆனால் மூன்று மாதம் என்று சொன்ன வாய் என்னுடையது.

வியாழன் காலை நான்காவது தடவையாக அம்மாவிடம் கையை நீட்டினேன். அவ கத்தரிக்கோலை எடுத்தா, வெட்டினா. புதிய நூல் கட்டவில்லை.

"மற்றக் கையையும் காட்டு."

"ஏன்?"

"காட்டு எண்டுறன்."

இரண்டு கையையும் மேசையில் வைத்துத் தையல் நாடாவால் அளந்தா. பிறகு குசினிக்குள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அப்பாவைக் கூப்பிட்டா. "காரை எடுங்கோ. இவன் எங்களை ஏமாத்திப் பேயராக்கிறான்."

அப்பா சாமான் களஞ்சியம் ஒன்றில் வேலை. என் விளையாட்டை ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை. கார் ஓடும்போது ஒரு வசனம்தான் சொன்னார்: "கையில்லாட்டில் எறியேலாது, தெரியும்தானே?"

வேறொரு பெரிய மருத்துவமனை. இந்த முறை உடனே ஸ்கான் எடுத்தார்கள். குளிர்ந்த களியைக் கழுத்தடியில் பூசி, ஒரு கருவியை வைத்து உருட்டிய பெண் முதலில் சும்மா கதைத்துக்கொண்டிருந்தா. பிறகு கதை நின்றது. கருவி ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனது.

வந்தவர் டொக்டர் கவிதா. இரத்தக் குழாய் சத்திரசிகிச்சைப் பிரிவு, ஊர் மதுரை. ஒரு தாளில் படம் கீறித் தமிழிலேயே விளக்கினார். கையிலிருந்து இரத்தத்தை நெஞ்சுக்குக் கொண்டுபோகிற பெரிய நாளம் கழுத்தடிக் காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவில் ஓடுகிறது. கையைத் தலைக்கு மேல் தூக்கி எறியும்போதெல்லாம் அந்த இரண்டு எலும்பும் கத்தரிக்கோல் மாதிரி நாளத்தை நெரிக்கும். ஆயிரக்கணக்கில் எறிந்தால் நாளத்தின் உள்ளே புண்ணாகும். புண்ணில் இரத்தம் உறைந்து கட்டியாகும். இரத்தம் கைக்குள் வரும், திரும்பிப் போக வழியிருக்காது. அதனால்தான் வீக்கம், நீலம். கட்டி உடைந்து நுரையீரலுக்குப் போனால் ஆளே போகலாம்.

"கட்டி புதுசா இருந்தா மருந்து விட்டுக் கரைக்கலாம். ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சுன்னா இறுகிப் போயிடும், கரையாது" என்றார். கணினியைப் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை போன ஆஸ்பத்திரில மூணு மாசம்னு பதிஞ்சிருக்கு. அப்போ மாத்திரை மட்டும்தான். கை ஓரளவு பழகிக்கும். ஆனா பழைய மாதிரி எறியறது கஷ்டம் தம்பி."

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. உண்மை சொன்னால் ஒப்பந்தம் போய்விடும், சொல்லாவிட்டால் கை போய்விடும். மைதானத்தில் மூன்று செக்கனில் முடிவெடுக்கிறவன் அந்தக் கட்டிலில் மரம் மாதிரி இருந்தேன்.

அம்மா கைப்பையைத் திறந்தா. விபூதி மடிக்கிற பேப்பரில் சுற்றிய ஒன்றை எடுத்துக் கட்டில் விரிப்பில் பிரித்தா. மூன்று நூல்கள். அர்ச்சனை நூலைக் குப்பையில் போடக்கூடாது. ஊரில் என்றால் கிணற்றிலோ மரத்தடியிலோ போடுவார்கள். பிளேஸ்டோவில் கிணறு இல்லை. அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது கொடுக்கலாம் என்று பையில் வைத்திருந்திருக்கிறா.

"டொக்டர் பிள்ளை, இதைப் பாருங்கோ."

"என்னம்மா இது?"

"இவன்ர காப்பு. எல்லாம் ஒரு விரல் விட்டுக் கட்டினது, முடிச்சடியில வெட்டினது. முதலாவது அஞ்சு கிழமை கிடந்தது, ஒரு பிரச்சினையும் இல்லை. போன கிழமை செவ்வாய்தான் இறுகினது. ரெண்டாவது செவ்வாய் கட்டினது, வெள்ளி இறுகினது. மூண்டாவது வெள்ளி கட்டினது, இண்டைக்கு வெட்டினனான்." நூல்களை ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக நீட்டி வைத்தா. ஒன்றைவிட ஒன்று நீளம். "நூல் சுருங்காது பிள்ளை. நான் தையல்காரி. கைதான் வீங்கினது. மூண்டு மாசம் எண்டு இவன் சொன்னது பொய்."

டொக்டர் நூல்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"அம்மா சொல்றது சரியா?"

"ஓம்" என்றேன். "ஞாயிற்றுக்கிழமை தொடங்கினது. இண்டையோட பதினொரு நாள்."

"ஏன் மூணு மாசம்னு சொன்னீங்க?"

சொன்னேன். ஒப்பந்தம், அந்த வரி, முகாம், எல்லாம். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டொக்டர் பேனையை மூடினார்.

"இன்னும் நாலு நாள் பொய் சொல்லியிருந்தா நான் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. புரியுதா?" எழும்பி, திரும்பி, அம்மாவிடம் கேட்டார்: "அந்த நூலை நான் ஒரு போட்டோ எடுத்துக்கலாமாம்மா?"

"எடுங்கோ. ஆனா கீழ போட்டிடாதேங்கோ."

அன்று பின்னேரமே முழங்கையடியில் ஊசி குத்தி, நாளத்துக்குள் ஒரு மெல்லிய குழாயைக் கட்டி வரைக்கும் கொண்டுபோனார்கள். அதற்குள்ளால் கட்டி கரைக்கிற மருந்து சொட்டுச் சொட்டாகப் போகும். ஒரு நாள் முழுவதும் அசையக்கூடாது. அந்த மருந்து எங்கேயும் இரத்தம் கசிய வைக்கும் என்பதால் பல் விளக்கவும் விடவில்லை. தாதி மணிக்கு ஒரு தரம் வந்து தலையிடிக்கிறதா, கண் தெரிகிறதா என்று கேட்பா. பயந்தேன். சாகப் பயம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். எனக்கு இருந்தது எறியேலாமல் போய்விடுமோ என்ற பயம்.

அடுத்த நாள் காலை அப்பா வந்தார். வாகனத் தரிப்பிடக் கட்டணத்தைத் திட்டிக்கொண்டே வந்தார். கையில் என் ஆட்டப் புத்தகம். எந்த ஆட்டத்தில் யார் எங்கே ஓட வேண்டும் என்று படம் போட்ட தடித்த கோப்பு அது. கட்டிலடியில் இருந்து விரித்தார்.

"சும்மா படுத்திருந்து என்ன செய்யப்போறாய்? இருபத்தேழாம் இலக்கம், சொல்லு."

"என்ன?"

"இருபத்தேழு. கண்ணை மூடிக்கொண்டு சொல்லு. ஆர் எங்க ஓடுறான்?"

சொன்னேன். அவர் விரலை வைத்துச் சரிபார்த்தார். இன்னொன்று கேட்டார். மத்தியானம் வரைக்கும் கேட்டார். நடுவில் ஒரு இடத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உன்னைக் காக்க அஞ்சு பேர் முன்னால நிக்கிறாங்கள். பிறகு ஏன் எல்லாரும் உனக்கு மேலதான் விழுறாங்கள்?" என்று கேட்டார்.

"அஞ்சு பேரும் ஒழுங்கா நிண்டா விழ மாட்டாங்கள்."

"அப்ப அவங்களைத்தான் முதல்ல மாத்த வேணும்."

ஏழு வருடத்தில் அப்பா என் விளையாட்டைப் பற்றிக் கேட்ட முதல் நல்ல கேள்வி அது. குழாய் குத்தின கையோடு சிரித்ததற்குத் தாதியிடம் பேச்சு வாங்கினேன்.

கட்டி கரைந்தது. சாயம் விட்டு எடுத்த படத்தில் நாளம் திறந்திருந்தது, ஆனால் எலும்புகளுக்கு நடுவில் மட்டும் நெரிபட்டுத் தெரிந்தது. எலும்பு அங்கே இருக்கும்வரை கட்டி திரும்ப வரும் என்றார் டொக்டர். இரத்தத்தை இளக்கும் குளிசை எடுக்கிற காலத்தில் மற்றவர்கள் மோதுகிற விளையாட்டு விளையாடக்கூடாது. ஒரு அடி பட்டாலும் உள்ளே இரத்தம் நிற்காமல் ஓடும். பங்குனி முகாம் அந்த வசனத்தோடு முடிந்தது.

கழகத்துக்கு நானே போன் பண்ணினேன். பதினொரு நாள் மறைத்ததையும் சொன்னேன். மூன்றாம் நாள் கடிதம் வந்தது. ஒப்பந்தம் ரத்து. காரணம் நோய் இல்லையாம், அறிவிக்காததாம். கத்தினேன், சுவரில் இடக்கையால் குத்தினேன். ஆனால் அந்த வரியைத் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

கோச் பார்க்க வந்தார். கூரை வேலைச் சப்பாத்தோடு கட்டிலடியில் நின்று, "நான் உன் கையைப் பார்த்திருக்க வேண்டும்" என்றார். "ஓம், பார்த்திருக்க வேண்டும்" என்றேன். பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. அவருக்கும் தெரியும். இப்போது பயிற்சி முடிந்ததும் எறிகிற பொடியன்கள் எல்லோரும் இரண்டு கையையும் நீட்டிக் காட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறார்.

சொந்தக்காரர்களும் வந்தார்கள், தோடம்பழத்தோடும் புத்திமதியோடும். "நல்லகாலம் தம்பி, இனியெண்டாலும் ஐடி படி" என்றார் ஒரு மாமா. "மாமா, கொம்பியூட்டர் தட்டவும் கைதான் வேணும்" என்றேன். அம்மா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றவில்லை. அது போதும்.

ஐந்து வாரம் கழித்து விலாவை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்தபோது நெஞ்சுக்குள் கத்தி வைத்தது மாதிரி இருந்தது. பக்கவாட்டில் ஒரு குழாய், நுரையீரலைச் சுற்றிச் சேர்கிற நீரையும் காற்றையும் வெளியே எடுக்க. மூச்சை ஆழமாக இழுக்கச் சொன்னார்கள். இழுத்தால் கண்ணால் தண்ணீர் வரும். இழுக்காவிட்டால் நுரையீரல் சுருங்கும். இழுத்தேன். மணிக்குப் பத்துத் தரம் என்றார்கள், இருபது தரம் இழுத்தேன். அந்தக் குழாயை உருவியபோது என் வாயில் வந்த தமிழை இங்கே எழுத ஏலாது. அந்த வார்ட்டில் அது விளங்கியது டொக்டர் கவிதாவுக்கு மட்டும்தான். அவர் கேட்காத மாதிரிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து முதலில் எறிந்தது ஒரு சோடிச் சொக்ஸ். சுருட்டிப் பந்தாக்கி, கட்டிலில் இருந்து கதவுக்கு எறிந்தேன். அது கதவு வரைக்கும் போகவில்லை. அடுத்த நாளும் எறிந்தேன். பிறகு டெனிஸ் பந்து. ஆடி மாதம் இரத்தம் இளக்கும் குளிசையை நிறுத்தினார்கள். பிறகுதான் உண்மையான பந்து, பூங்காவில், ஐந்து யார்ட் தூரத்தில். பிடிக்க ஆள் வேண்டும். அப்பா களஞ்சியத்துக் கையுறையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"நெஞ்சுக்கு எறியாதை. எனக்கு விலா எல்லாம் வேணும்."

முதல் கிழமை அவர் பிடித்ததைவிட விட்டது அதிகம். இப்போது நாற்பது யார்ட் தூரத்தில் பிடிக்கிறார். பந்து உதறி வந்தால், "கால் பிழை. முன்கால் திரும்பேல்லை" என்கிறார். சரியாகத்தான் சொல்கிறார்.

முந்தி நூற்றைம்பது எறி எறிவேன். இப்போது அறுபதுதான். எழுபதாவதில் கை களைக்கும், அதை நான் ஒளிக்கவில்லை. அறுபதுக்குள் சரியான ஆளுக்கு எறிய வேண்டும். அப்படி எறிகிறேன். இரண்டு கோடையில் பழகாததை இந்த ஒரு கோடையில் பழகினேன்.

வேறொரு கழகம், இன்னும் சின்னது, ஒரு நாள் சோதனைக்குக் கூப்பிட்டிருக்கிறது. வருகிற திங்கட்கிழமை. எடுப்பார்களா என்று தெரியாது. மருத்துவப் படிவம் முன்கூட்டியே வந்தது. எறிகிற கையில் எப்போதாவது பிரச்சினை இருந்ததா என்று ஒரு கேள்வி. கீழே இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். போதாமல் பின்பக்கத்திலும் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமையில் இருந்து தொடங்கி எழுதினேன்.

நேற்று வெள்ளி. அம்மா வெஸ்ட் ஈலிங்குக்குப் போய் வந்தா. இவ்வளவு நாளும் கொடுக்காமல் வைத்திருந்த பழைய மூன்று நூலையும் அங்கே கொடுத்துவிட்டு, புதியதோடு வந்து சோபாவில் இருந்தா. வலக்கையை நீட்டினேன். வழக்கம்போல் சுண்டுவிரலை நடுவில் வைத்தா.

"விரலை எடுங்கோ அம்மா."

"ஏன்? இறுகுமடா."

"கொஞ்சம் வீங்கினாலும் எனக்கு உடனே தெரிய வேணும். ஒட்டக் கட்டுங்கோ."

அம்மா என் முகத்தைப் பார்த்தா. பிறகு விரலை எடுத்துவிட்டு, முடிச்சைப் போட்டா.